193 நாடுகள் என்ற இலக்கு: ஒரு குடும்பத்தின் நன்கொடைத் திட்டம் எங்கே தடுமாறியது, எப்படி மாறியது

இது எனக்கு நெருக்கமான ஒரு தம்பதியின் அனுபவம். 2018 ஜனவரியில் அவர்கள் தொடங்கிய ஒரு நன்கொடை இலக்கை ஆரம்பத்திலிருந்தே கூட இருந்து பார்த்தவன் நான், பாதி வழியில் கணக்குப் பார்த்துக் கொடுத்தவனும் நான்தான். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார், எந்த ஊர், எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் தேவையில்லை என்பதால் தொகைகளை வருமானத்தின் சதவீதமாகவே சொல்கிறேன். உலகம் முழுக்க உதவ வேண்டும் என்று நினைத்து எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி

இருவருமே மாதச் சம்பளக்காரர்கள். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லும் பழக்கம் இல்லை. பேரிடர் செய்தி வந்தால் ஒரு தொகை, அலுவலகத்தில் யாராவது நிதி திரட்டினால் ஒரு தொகை, இப்படித்தான் பல வருடங்கள் போயிற்று. 2017 டிசம்பரில் ஒரு பேச்சு வந்தபோது, வருமானத்தில் ஐந்து சதவீதமாவது கொடுத்துக்கொண்டிருப்போம் என்று கணவர் உறுதியாகச் சொன்னார். மனைவிக்குச் சந்தேகம். வங்கிக் கணக்கை எடுத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். வந்தது 0.8 சதவீதம்.

அவர் பொய் சொல்லவில்லை. கொடுத்த ஒவ்வொரு தடவையும் அவருக்கு நினைவில் இருந்தது, கூட்டுத்தொகை மட்டும் நினைவில் இல்லை. நம்மில் நிறைய பேருக்கு இதே கதைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இலக்கு என்ற ஒன்றே வேண்டியிருக்கிறது.

இலக்கு

கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே உலக வரைபடம் என்றால் உயிர். தபால்தலை சேர்த்தவர். ஐ.நா.வில் 193 உறுப்பு நாடுகள், கடைசியாகச் சேர்ந்தது 2011இல் தெற்கு சூடான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆக இலக்கும் அப்படியே அமைந்தது: பத்து ஆண்டுகளில் 193 நாடுகளிலும் ஏதாவது ஒரு நற்காரியத்துக்கு ஒரு முறையாவது நன்கொடை கொடுத்துவிட வேண்டும். சுவரில் பெரிய வரைபடம் மாட்டினார். கொடுத்த நாட்டுக்கு வண்ணம் தீட்டினார்.

இந்த இலக்கைப் பின்னால் நிறையக் குறை சொல்லப் போகிறேன், அதனால் அது செய்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் 31 நாடுகள் நிறைந்தன, கொடுத்த தொகை 0.8இலிருந்து 2.4 சதவீதமாக உயர்ந்தது. அதுவரை பெயர் மட்டுமே தெரிந்திருந்த நாடுகளைப் பற்றிப் படித்தார். ஒரு நாட்டில் மக்களுக்கு என்ன பிரச்சினை என்று தேடிப் போய்ப் படிக்க வைத்ததே அந்தச் சுவர் வரைபடம்தான்.

கவனித்தவை: 2018 முதல் 2020 வரை

முதலில் கண்ணில் பட்டது கட்டணம். ஒரு ஆண்டின் தொகையை முப்பது நாற்பதாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சின்னத் தொகை. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கார்டு நிறுவனம் ஒரு நிலையான கட்டணத்தையும் அதற்குமேல் ஒரு சதவீதத்தையும் எடுக்கிறது, நாணய மாற்றில் கொஞ்சம் போகிறது. தொகை சிறிதாக இருந்தால் நிலையான கட்டணமே பெரிதாகக் கடிக்கும். அவருடைய சில நன்கொடைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போயிருந்தது. கொடுத்த ஒவ்வொரு அமைப்பும் நன்றி மடல், செய்தி மடல், அடுத்த வேண்டுகோள் என்று அனுப்பிக்கொண்டே இருந்தது வேறு. அதற்கும் அந்த அமைப்புகளுக்குச் செலவுதானே.

அடுத்து, "இந்த நாட்டுக்கு" என்று கொடுத்த பணம் உண்மையில் அந்த நாட்டுக்குப் போகிறதா என்ற கேள்வி. பெரிய அமைப்புகள் பலவற்றின் வேண்டுகோளில், தேவை நிறைவேறிவிட்டால் மீதத்தை வேறு பணிகளுக்குப் பயன்படுத்துவோம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதில் தவறே இல்லை, சரியான நடைமுறைகூட. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போதிய நிதி சேர்ந்துவிட்டது, இனி இதற்கென்று கொடுக்காதீர்கள், மற்ற நெருக்கடிகளுக்குக் கொடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. நேர்மையான அமைப்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். கிவா போன்ற சிறுகடன் தளங்களிலும் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு. நாம் ஒருவரின் படத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிறோம், ஆனால் பெரும்பாலும் உள்ளூர்ப் பங்காளி நிறுவனம் அவருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்திருக்கும், நம் பணம் அந்த நிறுவனத்தின் கையிருப்பை நிரப்புகிறது. தளத்திலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். ஆனால் நாடு நாடாக எண்ணுகிறவர்கள் அதைப் படிப்பதில்லை, அவரும் படிக்கவில்லை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் பாதித்தது. 2019இல், வரைபடத்தில் நிரம்பாத ஒரு நாட்டுக்காகத் தேடியபோது கிடைத்தது ஒரு ஆதரவற்ற குழந்தைகள் இல்லம். சின்ன இணையதளம், சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். மாதாமாதம் அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு மாதமும் ஒரு குழந்தையின் படமும் கடிதமும் வரும். ஏழெட்டு மாதம் கழித்து வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மனைவி பழைய கடிதங்களை எடுத்து வரச் சொன்னார். அதே பெண் குழந்தை, வேறு பெயர், வேறு கதை.

கணவர் உடனே இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். பெயர்க் குழப்பம் என்றார்கள். இந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஏதாவது முயற்சி உண்டா என்று இரண்டாவது முறை கேட்டார். பதிலாக இன்னும் நான்கு படங்கள் வந்தன. அப்போதுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தோம். இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாய் தந்தை இருவரோ ஒருவரோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பின் 2009 அறிக்கை சொல்லியிருந்தது. வறுமையால் பிரித்து எடுத்து வரப்படுகிறவர்கள், நன்கொடை வருகிறது என்பதற்காகவே சேர்க்கப்படுகிறவர்கள் அதில் உண்டு. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இப்படிப்பட்ட குழந்தைக் கடத்தலும் பேசப்பட்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் குழந்தை உரிமைகள் தீர்மானத்தில் இதைக் கையில் எடுத்தது. இதெல்லாம் தேடினால் கிடைக்கிற செய்திகள்தான். வண்ணம் தீட்ட ஒரு நாடு கிடைத்ததே என்ற அவசரத்தில் நாங்கள் தேடவில்லை.

அப்புறம் 2020 செப்டம்பரில் வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை. கணவரின் அக்காவுக்கு அறுவை சிகிச்சை, கொஞ்சம் பணம் தேவைப்பட்டது. இந்த ஆண்டுக்கு ஒதுக்கியது முடிந்துவிட்டதே என்று அவர் தயங்கினார். மனைவி கோபப்பட்டதை நான் நேரில் கேட்டேன். "உலகத்துல எங்கெங்கேயோ இருக்கறவங்களுக்குக் கொடுக்கறீங்க, சொந்த அக்கா கேட்டா பட்ஜெட் முடிஞ்சதுங்கறீங்க. இது என்னங்க நியாயம்?" அவரிடம் பதில் இல்லை. பணம் அன்றைக்கே போய்ச் சேர்ந்தது, ஆனால் அந்தத் தயக்கம் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.

கணக்கு சொன்னது

அந்த அக்டோபரில் மூன்று ஆண்டுக் கணக்கையும் ஒரு எக்செல் தாளில் போட்டுத் தரும்படி இருவரும் என்னைக் கேட்டார்கள். மொத்தம் 84 நாடுகள் நிரம்பியிருந்தன. மிகவும் பின்தங்கிய நாடுகள் என்று ஐ.நா. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தலா வருமானம், மக்களின் உடல்நலமும் கல்வியும், பொருளாதாரம் எளிதில் ஆட்டம் காணுமா என்பதையெல்லாம் பார்த்துச் சேர்ப்பார்கள். அப்போது அதில் 47 நாடுகள். அவருடைய 84இல் அந்த 47லிருந்து வந்தவை வெறும் 11.

காரணம் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. இணையதளம் நன்றாக இருக்கும் நாடு, கார்டு வேலை செய்யும் நாடு, ஆங்கிலத்தில் பதில் வரும் நாடு முதலில் நிரம்பியது. டென்மார்க்குக்கும் லக்ஸம்பர்க்குக்கும் வண்ணம் இருந்தது, சாட் நாடும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசும் வெள்ளையாகவே கிடந்தன. தேவை அதிகமாக இருக்கிற இடத்துக்குப் பணம் அனுப்புவதுதான் கடினம், அதனால் நாடுகளின் எண்ணிக்கையை இலக்காக வைத்தால் அந்த இடங்கள் தானாகவே கடைசிக்குத் தள்ளப்படும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவர் அளந்துதான் போட்டார், அளவுகோல்தான் தப்பு.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் வரைபடத்துக்குத்தான் கொடுத்திருக்கேன்." அது முழு உண்மை இல்லை என்று நானும் மனைவியும் சொன்னோம். அந்த 84இல் நல்ல மருத்துவமனைகளும் கிணறுகளும் பள்ளிகளும் இருந்தன. ஆனாலும் அவர் சொன்னதில் இருந்த வலியை மறுக்க முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2020 நவம்பர், டிசம்பரில் மூவரும் பல முறை உட்கார்ந்து பேசினோம். 2021 ஜனவரியில் புதிய திட்டம்.

இலக்கு வருமானத்தின் பங்காக மாறியது. எவ்வளவு என்பதில்தான் இழுபறி. இஸ்லாத்தில் ஜகாத் சேமிப்பில் 2.5 சதவீதம், கிறிஸ்தவத்தில் பத்தில் ஒன்று என்ற வழக்கம், 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கிவிங் வாட் வீ கேன் அமைப்பின் உறுதிமொழியும் பத்து சதவீதம்தான். நேரடியாகப் பத்துக்குப் போகலாம் என்றார் கணவர். மனைவி ஒப்பவில்லை. ஒரே தாவலாகத் தாவிவிட்டு ஆறு மாதத்தில் விட்டுவிடுவதைவிட மூன்றில் தொடங்கி ஆண்டுக்கு அரையாவது கூட்டிக்கொண்டே போகலாம், சம்பள உயர்வு வரும்போது அதிலிருந்தே கூட்டினால் வலிக்காது என்றார். அவர் சொன்னபடிதான் ஆயிற்று. வரி போகக் கைக்கு வரும் தொகையை அடிப்படையாக வைத்தார்கள். சம்பளம் வந்த மறுநாளே வங்கியிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு.

குடும்பத்துக்குத் தனிக் கணக்கு. உறவினர் மருத்துவம், படிப்பு என்று வருவதற்கு ஒரு சேமிப்பு, அது இலக்கில் சேராது. இலக்கைக் காட்டி உறவுக்கு இல்லையென்று சொல்லக்கூடாது, உறவைக் காட்டி இலக்கையும் குறைக்கக்கூடாது என்பது மனைவியின் நிபந்தனை. இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

பணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அறுபது சதவீதம் மலேரியாவுக்கு. 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவால் சுமார் 5,97,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது, அதில் ஏறக்குறைய 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். தடுக்கும் வழி தெரிந்த நோய் இது. மருந்து தோய்த்த கொசுவலை சுமார் மூன்று ஆண்டுகள் காக்கும். மழைக்காலத்தில் மட்டும் மலேரியா உச்சத்துக்குப் போகும், சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹெல் பகுதியில், அந்த மாதங்களில் மாதம் ஒரு முறை குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் முறையை 2012இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வலைக்கு அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன், மருந்துக்கு மலேரியா கன்சார்ட்டியம். நன்கொடையால் என்ன பலன் என்று ஆராய்ந்து வெளியிடும் கிவ்வெல் போன்றவர்களின் பக்கங்களைப் படித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இருபத்தைந்து சதவீதம் கிவ்டைரக்ட்லி மூலம் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடிப் பணம். கென்யாவில் கைப்பேசி வழியாகவே பணம் போய்ச் சேர்கிறது. கூரை போடுவதா, ஆடு வாங்குவதா, பள்ளிக் கட்டணமா என்பதை வாங்குகிறவரே முடிவு செய்கிறார். அக்காவின் விஷயத்துக்குப் பிறகு இது கணவரின் மனதுக்கு நெருக்கமாக இருந்தது. நாம் ஒருவரிடம் கணக்குக் கேட்பது அவரை எப்படிச் சுருங்க வைக்கும் என்று அவர் கண்ணால் பார்த்தவர்.

மீதிப் பதினைந்து சதவீதம் பேரிடருக்கும் மனம் சொல்கிற இடத்துக்கும்.

இல்லத்தை என்ன செய்வது என்பதுதான் மிகக் கடினமாக இருந்தது. உடனே நிறுத்த வேண்டும் என்றேன் நான். அந்தக் குழந்தைகள் அங்கே சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள், நம் பணம் நின்றால் முதலில் யார் தட்டில் குறையும் என்று மனைவி கேட்டார். கடைசியில் ஆறு மாதங்களில் படிப்படியாகக் குறைப்பதென்றும், ஏன் குறைக்கிறோம் என்று வெளிப்படையாக எழுதுவதென்றும், அதே தொகையைக் குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் வேலை செய்கிற ஓர் அமைப்புக்குத் திருப்புவதென்றும் முடிவாயிற்று. இது முழுக்கச் சரியா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

புதிதாக ஒரு அமைப்புக்குக் கொடுக்கும்முன் கேட்க வேண்டியவற்றையும் எழுதி வைத்தார்கள். போன ஆண்டு என்ன செய்தீர்கள், அதில் எது சரிப்பட்டு வரவில்லை, இன்னும் பணம் வந்தால் என்ன செய்வீர்கள், பயன் பெறுகிறவர்களிடம் யார் போய்க் கேட்கிறார்கள். எது சரிப்பட்டு வரவில்லை என்பதற்கு நேரான பதில் வந்தால் நம்பலாம் என்பது அவர்களின் அனுபவம். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை முதல் கேள்வியாக வைக்கவில்லை. அதை மட்டும் வைத்து ஒரு அமைப்பை எடை போடாதீர்கள் என்று 2013இலேயே தொண்டு அமைப்புகளைப் பற்றித் தகவல் தரும் அமெரிக்காவின் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கின்றன. கண்காணிக்கவும் கணக்கு எழுதவும் செலவு ஆகத்தான் செய்யும்.

பிறகு நடந்தது

2021 ஏப்ரல் வாக்கில் ஒன்று தெரிந்தது. பணம் மாதாமாதம் ஒழுங்காகப் போனது, கணவருக்கு மட்டும் அதில் உயிர் இல்லை. படிப்பதை நிறுத்திவிட்டார். வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள், கழற்றச் சொன்னது நான்தான். எண்ணுவதால்தானே இவ்வளவு பிரச்சினை, அதைக் கண்ணிலேயே படாமல் வைப்போம் என்று நினைத்தேன். நான் நினைத்தது தவறு. அவரைக் கொடுக்க வைத்த ஆர்வமும் அதே வரைபடத்தில்தான் இருந்தது.

மனைவிதான் அதைத் திரும்ப மாட்டினார். பதினைந்து சதவீதப் பங்கிலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு நாடு, அதுவும் அந்த 47இல் இன்னும் வெள்ளையாக இருப்பது. ஆண்டு முழுக்க அந்த நாட்டைப் பற்றிப் படித்துவிட்டு டிசம்பரில்தான் கொடுக்க வேண்டும். முதல் நாடு நைஜர். அவர் மறுபடியும் இரவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

2022இல் அவருக்கு ஐந்து மாதம் வேலை இல்லை. பங்கு 3.5 சதவீதமாக இருந்ததால் வருமானம் குறைந்தபோது நன்கொடையும் தானாகக் குறைந்தது, நின்றுபோகவில்லை. ஆண்டுக்கு இருபது நாடு என்று இருந்திருந்தால் அந்த ஆண்டோடு கைவிட்டிருப்பேன் என்று அவரே சொன்னார்.

2023 பிப்ரவரி 6இல் துருக்கி, சிரியா நிலநடுக்கம். பழைய அவராக இருந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே முதலில் கண்ணில் பட்ட வேண்டுகோளுக்கு அனுப்பியிருப்பார். இந்த முறை இரண்டு நாள் படித்தார். வடமேற்கு சிரியாவுக்குத் துருக்கியிலிருந்து ஐ.நா. உதவி போக அப்போது பாப் அல்-ஹவா என்ற ஒரே எல்லைக் கடவைக்குத்தான் அனுமதி இருந்தது. அதனால் வெளியிலிருந்து புதிதாகப் போகிறவர்களைவிட, முன்பிருந்தே உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் அமைப்புக்குக் கொடுப்பதுதான் சரி என்று முடிவு செய்தார். அந்த ஆண்டுக்கான பதினைந்து சதவீதத்தில் பாதி அதற்குப் போயிற்று.

2024இல் பங்கு 5 சதவீதம், 2025இல் 5.5. முன்னர் அவர் கொடுத்துக்கொண்டிருப்பதாக நம்பிய அந்த ஐந்து சதவீதம் உண்மையிலேயே வந்துசேர ஏழாவது ஆண்டாயிற்று. இப்போது நிலையாக ஐந்து இடங்களுக்குத்தான் பணம் போகிறது, கட்டணத்தில் போவது கணக்கில் சொல்லும்படியாக இல்லை. குடும்பக் கணக்கிலிருந்து அக்காவின் மகளுடைய படிப்புக்கு இரண்டு முறை உதவினார்கள், யாரும் யாரிடமும் தயங்கவில்லை.

வரைபடத்தில் அடுத்த நாடு சாட். 2023 ஏப்ரலில் சூடானில் போர் தொடங்கியதிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி அத்ரே என்ற எல்லையூர் வழியாக அங்கே வந்திருக்கிறார்கள். அதைப் பற்றி இந்த ஆண்டு முழுக்க என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

மறுபடி தொடங்கினால் எதை மாற்றுவோம்

இதை இருவரையும் கேட்டு, என் கருத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மனைவி சொன்னது: முதல் நாளே இருவரும் சேர்ந்து இலக்கு வைத்திருக்க வேண்டும். 193 என்பது அவருடைய கனவு, நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன், கடைசியில் கோபமாகத்தான் என் கருத்து வெளியே வந்தது.

என் பக்கம்: ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் 47இல் 11 என்ற விஷயம் முதல் டிசம்பரிலேயே தெரிந்திருக்கும். ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதம். அந்த இரண்டு மழைக்காலங்களில் எத்தனை வலைகள், எத்தனை வேளை மருந்து போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கணவர் சொன்னது ஒன்றே ஒன்று. அந்த இல்லத்துக்கு முதல் மாதப் பணம் அனுப்பும்முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எட்டு மாதம் கழித்துக் கேட்டேன். குறைக்கிறோம் என்று எழுதிய கடிதத்துக்கு அங்கிருந்து பதில் வரவில்லை, சில மாதங்களில் இணையதளமும் இல்லாமல் போய்விட்டது. அந்தப் பெண் குழந்தையின் உண்மையான பெயர் எது, வீட்டுக்குப் போனாளா என்பதைக் கண்டுபிடிக்க அந்த நாட்டில் குழந்தைகள் நலத்தில் வேலை செய்யும் இரண்டு அமைப்புகளுக்கு எழுதியிருக்கிறார். இரண்டு கடிதங்களையும் இரண்டு படங்களையும் நகல் எடுத்து அனுப்பினார். ஒரு அமைப்பு விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறது. மூலப் படங்கள் இரண்டும் நன்கொடைக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கின்றன.